விரலுக்கும் தமிழ் வேண்டும்

தோழர்களே, நம் சங்கத்தில் மொழிப்பற்றுக்குப் பஞ்சமில்லை. மேடையேறினால் மூவேந்தரும் இறங்கி வந்துவிடுகிறார்கள்! ஆனால் தேவிகுளத்திலோ சித்தூரிலோ பார்வையற்ற தமிழர் ஒருவர் நூலகப் படியேறி, "தமிழ் இதழ் இருக்கிறதா?" என்று கேட்டால் அவர் கையில் எதைக் கொடுப்போம்?

நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். அடுத்த வீட்டுத் தங்கைக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. வெளியூர் விடுதிப் பள்ளியில் மலையாள வழியில் பிரெயில் கற்றாள். விடுமுறையில் அவளை ஒரு நூலகத்துக்கு அழைத்துச் சென்றேன். பிரெயிலில் தமிழ் இதழ் ஒன்றுகூட இல்லை. "கைப்பேசியில் கேட்கலாமே, தம்பி" என்றார் அங்கிருந்தவர். நல்ல மனிதர்தாம். திரும்பும் வழியில் தங்கை கேட்டாள்: "அண்ணே, பழத்துக்கு எந்த 'ள'?" பதினாறு ஆண்டுகளாகத் தமிழ் பேசுகிறவள்! மரமும் மறமும் நம் பேச்சில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. எழுத்தை விரல்தான் சொல்லவேண்டும்.

அறிவியல் மாணவன் என்பதால் ஒரு கணக்கு. பிரெயிலுக்கு ஆறே புள்ளிகள். அவற்றால் 64 அமைப்புகள். வெற்றிடம் ஒன்று போக 63 குறிகள். 1829இல் லூயி பிரெயில் வெளியிட்ட முறை இது. 1951இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் பாரதி பிரெயில் அமைந்தது. ஒலி ஒன்றானால் குறியும் ஒன்று. 'க' என்றால் தமிழிலும் மலையாளத்திலும் 1, 3 என்னும் அதே புள்ளிகள். 'ழ'வும் அப்படியே. கண்ணுள்ள நமக்கு இரண்டு லிபி, அவள் விரலுக்கு ஒன்றே! 1956 நவம்பர் 1இல் போட்ட எல்லைக்கோடு அந்தப் புள்ளிகளைத் தொடவில்லை. தமிழ் இதழொன்று கிடைத்தால் சில நாட்களிலேயே அவள் படித்துவிடுவாள். கிடைக்கவேண்டுமே!

தமிழ்நாட்டில் 1948 முதல் நூலகச் சட்டம் உண்டு. கன்னிமாராவிலும், 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் பிரெயில் பிரிவுகள் உண்டு. ஆனால் அவை இருப்பது சென்னையில். மூணாற்றுக்காரர் என்ன செய்வார்? கேரளத்திலோ 1945இல் பி. என். பணிக்கர் தொடங்கிய இயக்கத்தின் பயனாக ஊர்தோறும் நூலகம். அங்கே நூல், இங்கே நூலகம். இரண்டையும் இணைக்க ஆளில்லை.

சட்டம் தடுக்கவில்லை. 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம், பார்வையற்றோர் படிக்கும் வடிவில் நூல்களைப் படியெடுக்க இடமளிக்கிறது. பார்வையற்றோர் நூல்களுக்குத் தபால் கட்டண விலக்கும் நெடுங்காலமாக உண்டு. தாள் செலவுதான் பெரிது. தடித்த தாள் வேண்டும்; மெல்லிய இதழும் பருத்த கட்டாகிவிடும். ஆகவே ஊருக்கொன்று கேட்கவில்லை. வட்டத்துக்கு ஒரு நூலகம் வாங்கட்டும். அங்கிருந்து வீடுகளுக்குத் தபாலில் சுற்றட்டும்.

நூலகக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதிவிட்டேன், கையெழுத்துகள் வேண்டும். அதுவரை சும்மா இருப்பானேன்? இந்த இதழையே பிரெயிலில் கொண்டுவருவோம். தமிழ் உரையைப் புள்ளிகளாக்க லிப்லூயி என்னும் இலவச மென்பொருள் இருக்கிறது. ஆனால் பிரெயில் அறிந்த ஒருவர் மெய்ப்புப் பார்த்தே ஆகவேண்டும். தட்டச்சுக்கு நால்வர் தேவை. தேர்வு முடிந்த மறுநாள் மாலை சங்க அறைக்கு வாருங்கள்.