வெயிலில் ஓடுவோர்க்கு வேண்டிய சாமான்

கோடைக் காலத்தில் மும்பையின் விடியற்பொழுதில் இருவகை ஓட்டக்காரர்களைக் காணலாம். மரீன் டிரைவிலும் பாந்திராக் கடலோரத்திலும் விலையுயர்ந்த காலணியும் கைக்கடிகாரமும் அணிந்து ஓடுவோர் ஒரு வகை. சயான், தாராவி, ஆண்டாப்ஹில், செம்பூர், முலுண்டு பகுதிகளில் மைதானம் கிடைத்தால் மைதானத்திலும், கிடைக்காவிட்டால் சாலை ஓரத்திலும் பழைய பனியனும் தேய்ந்த காலணியுமாக ஓடுவோர் மற்றொரு வகை. முதல் வகையினர் உடல் நலத்துக்காக ஓடுகிறார்கள். இரண்டாம் வகையினருள் பலர், குறிப்பாக நம் பையன்கள், பிழைப்புக்காக ஓடுகிறார்கள்.

ரயில்வேயில் குரூப் டி வேலைக்குப் போகும் ஆண் 1,000 மீட்டரை 4 நிமிடம் 15 விநாடிக்குள் ஓடிக் காட்ட வேண்டும். பெண்ணுக்கு 5 நிமிடம் 40 விநாடி. ரயில்வே பாதுகாப்புப் படையில் ஆண் காவலர் வேலைக்கு 1,600 மீட்டரை 5 நிமிடம் 45 விநாடியில் கடக்க வேண்டும். மத்திய ஆயுதப் படைகளின் காவலர் தேர்விலோ ஆண்களுக்கு 5 கிலோமீட்டர், 24 நிமிடம். எழுத்துத் தேர்வில் தேறிய பிள்ளை இந்தச் சில நிமிடங்களில் தவறிவிட்டால் அதுவரை பட்ட பாடு வீண். ஆகவேதான் ஏப்ரல், மே மாதங்களிலும் பயிற்சி நிற்பதில்லை.

இந்த ஆவலை வியாபாரிகள் நன்கு அறிந்திருக்கிறார்கள். வியர்வை உலரும் சட்டை, கைக்கு உறை, கறுப்புக் கண்ணாடி, இடுப்பில் கட்டும் தண்ணீர்ப் புட்டி, நாடித் துடிப்பைச் சொல்லும் கடிகாரம், எடை குறைக்கும் ரப்பர் உடை என்று கடைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் வாங்கப் புறப்பட்டால் ஒரு குமாஸ்தாவின் மாதச் சம்பளத்தில் பெரும்பங்கு அங்கேயே கரைந்துவிடும். பிள்ளை கேட்கிறானே என்று கடன் வாங்கிக் கொடுக்கும் தகப்பன்மாரும் உண்டு. இதெல்லாம் வீண் ஆடம்பரம் என்று ஒரு செருப்புக்கூட வாங்கித் தராதவர்களும் உண்டு. இரண்டுமே சரியல்ல.

பணம் கொடுத்து வாங்கியே தீர வேண்டிய சாமான் ஒன்றே ஒன்றுதான்: காலுக்குப் பொருந்தும் ஓட்டக் காலணி. மற்றவற்றுள் வேண்டியவை பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கின்றன. வேண்டாதவற்றுள் ஒன்று ஆளையே கொன்றுவிடக் கூடியது. எல்லாவற்றிலும் முதன்மையான சாமானோ எந்தக் கடையிலும் விற்கப்படுவதில்லை. அதன் பெயர் நேரம்.

புழுக்கம் என்னும் பகை

ஓடும்போது உடல் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெப்பமாகவே வெளிப்படுகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற உடலுக்கு உள்ள சிறந்த வழி வியர்வை. ஆனால் வியர்வை வழிந்தோடுவதால் மட்டும் உடல் குளிர்வதில்லை. அது ஆவியாக வேண்டும். மும்பைக் காற்றிலோ ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகிறது. இந்திய வானிலைத் துறை சமவெளிகளில் 40 டிகிரியைத் தொட்ட பிறகே வெப்ப அலையைப் பற்றிப் பேசுகிறது. கடலோர ஊர்களுக்கு 37 டிகிரியே அந்த எல்லை. நம் ஊரில் 40 டிகிரியைப் பார்த்தவனுக்கு மும்பையின் 34 டிகிரி எம்மாத்திரம் என்று பேசுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

2023 ஏப்ரல் 16 அன்று நவி மும்பை கார்கரில் திறந்தவெளியில் நடந்த அரசு விருது விழாவில் வெயிலில் அமர்ந்திருந்தவர்களுள் 14 பேர் இறந்தனர். அவர்கள் ஓடியவர்கள் அல்லர், உட்கார்ந்து பார்த்தவர்கள். அதே வெயிலில் ஓடுகிறவனின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

மே மாதத்தில் இங்கே சூரியன் 6 மணியைச் சற்றுக் கடந்து உதிக்கிறது. ஐந்து மணிக்கு ஓட்டத்தைத் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிப்பவனுக்கு, பத்தாயிரம் ரூபாய்ச் சட்டையும் தராத பாதுகாப்பு இலவசமாகக் கிடைக்கிறது. மும்பை மாரத்தானை நடத்துவோர் அதை ஜனவரி மாதத்தில், அதுவும் விடியுமுன்னே தொடங்குவது சும்மாவா?

புதிதாகக் கோடையில் ஓடத் தொடங்குவோர் இன்னொன்றையும் அறிய வேண்டும். உடல் வெப்பத்துக்குப் பழக ஏழு முதல் பதினான்கு நாள் வரை எடுத்துக்கொள்கிறது. அந்த நாள்களில் தூரத்தையும் வேகத்தையும் குறைத்து, நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். விடுமுறைக்குத் திருநெல்வேலிக்கோ விழுப்புரத்துக்கோ போகிற பையன் இறங்கிய மறுநாளே இங்கு ஓடிய வேகத்தில் ஓடக் கூடாது. அங்கே காற்று வறண்டிருந்தால் வியர்வை உடனுக்குடன் உலர்ந்துவிடும். எவ்வளவு நீர் இழந்தோம் என்பதே தெரியாது.

பகலெல்லாம் பட்டறையிலோ கட்டட வேலையிலோ அடுப்படியிலோ நின்று உழைக்கும் இளைஞர்களுக்குத் தனியாக ஒரு சொல். உங்கள் உடல் ஏற்கெனவே ஒரு நாள் வெயிலைத் தாங்கியிருக்கிறது. இரவு ஷிப்டு முடித்துத் தூங்காமல் ஓடுவதும், வேலை முடிந்த களைப்போடு மாலை நான்கு மணிக்கே ஓடுவதும் பயிற்சியில் சேராது. வாரத்தில் நான்கு நாள் ஓடி மூன்று நாள் ஓய்வு கொண்டாலும் தேர்வில் தேறலாம்.

காலணியும் துணியும்

வெறுங்காலுடன் ஓடிப் பெரும்புகழ் பெற்றவர்கள் இல்லையா என்று கேட்கலாம். எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலுடன் ஓடி வென்றார் என்பது உண்மை. அவரே 1964-ல் டோக்கியோவில் காலணி அணிந்து ஓடி மறுபடியும் வென்றார் என்பதும் உண்மை. நம் மதுரை ரேவதி வீரமணி தொடக்கத்தில் வெறுங்காலுடன் ஓடியவர். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காகக் காலணியுடன் ஓடினார். வறுமையின் கட்டாயத்தைத் திறமையின் இரகசியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கோடைத் தார்ச் சாலையும் கான்கிரீட் தரையும் வெறுங்காலுக்கு ஏற்றவையல்ல. ரப்பர்ச் செருப்புடன் ஓடுவது அதைவிட மோசம்.

காலணியை மாலையில் வாங்குங்கள். பகல் முழுதும் நின்று நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். அணிந்து நின்றால் பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் இடம் இருக்க வேண்டும். மேற்புறம் காற்றுப் புகும் வலைத் துணியாக இருத்தல் நலம். ஒரு காலணியின் அடிப்பஞ்சு 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும். பிறகு வெளித்தோற்றம் நன்றாக இருந்தாலும் மெத்தென்ற தன்மை போய்விடும். ஆகவே அண்ணன் போட்டுத் தேய்த்ததைத் தம்பிக்குக் கொடுப்பது சிக்கனமாகாது. வாங்கிய காலணியை ஓட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டால் அது ஓராண்டு உழைக்கும்.

சட்டை தளர்வாகவும் வெளிர் நிறமாகவும் இருந்தால் போதும். பருத்திப் பனியன் வியர்வையைக் குடித்துக் கனத்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். நெடுந்தூரம் ஓடுவோர்க்கு மெல்லிய பாலியெஸ்டர் சட்டை மேல். அதை நடைபாதைக் கடையில் வாங்கினாலும் குறையொன்றுமில்லை. தொடையும் அக்குளும் உராய்ந்து புண்ணாவதைத் தடுக்க ஓடுமுன் சிறிது தேங்காய் எண்ணெய் தடவலாம். வெயில் வந்த பிறகு ஓட நேர்ந்தால் தலைக்கு முன்விளிம்புள்ள தொப்பி. கழுத்துக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த ஈரிழைத் துண்டை நனைத்துப் போட்டுக்கொள்வது. நாடி பார்க்கும் கடிகாரத்துக்குப் பதில் பேச்சையே அளவுகோலாகக் கொள்ளலாம். பக்கத்தில் ஓடுபவனோடு ஒரு முழு வாக்கியம் பேச முடியாமல் மூச்சு வாங்கினால், அந்த வெயிலுக்கு அந்த வேகம் அதிகம்.

எடை குறைக்கும் உடை என்று விற்கிறார்களே, அந்த ரப்பர் அங்கியை மட்டும் வீட்டுக்குள் சேர்க்காதீர்கள். அதனால் குறைவது நீரின் எடையே. ஒரு செம்பு தண்ணீர் குடித்தால் அது திரும்பிவிடும். வியர்வை ஆவியாகும் வழியை அது முழுவதும் அடைத்துவிடுகிறது. 1997-ல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி எடை குறைக்க முயன்று, சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தனர். அதன் பிறகு அங்குள்ள கல்லூரி விளையாட்டுச் சங்கம் மல்யுத்தத்தில் அந்த உடையைத் தடை செய்தது.

தண்ணீரும் உப்பும்

கடும் வெயிலில் ஓடுகிறவன் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் வியர்வை இழப்பதுண்டு. அதோடு உப்பும் போகிறது. இதற்கு வண்ணப் பானம் தேவையில்லை. ஒரு லிட்டர் சுத்தமான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பும், மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் கலந்தால் போதும். எலுமிச்சை பிழிந்தால் சுவை கூடும். உப்பிட்ட நீர்மோரும் நல்லது. ஆனால் தாகத்துக்கு மீறி வெறும் தண்ணீரை வலிந்து குடிப்பதும் ஆபத்தே. 2002-ல் பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதத்தினருக்கு உப்பின் அளவு குறைந்திருந்தது. அளவுக்கு மீறிக் குடித்ததே அதற்கு முக்கிய காரணமாகக் கண்டறியப்பட்டது. தாகத்துக்குத் தக்கபடி சிறிது சிறிதாகக் குடிப்பதே முறை.

ஓடும்போது தலை சுற்றினாலோ, குமட்டினாலோ, வெயிலிலும் உடம்பு சில்லிட்டாலோ உடனே நின்றுவிட வேண்டும். பேச்சு உளறி, நடை தள்ளாடி, உடம்பு அனலாகக் கொதித்தால் அது வெப்ப மயக்கத்தையும் கடந்த நிலை, உயிருக்கே ஆபத்து. வண்டி வரட்டும் என்று காத்திராமல் நிழலில் கிடத்தி, மேல் துணியைக் களைந்து, கிடைக்கும் குளிர்ந்த நீரையெல்லாம் உடம்பில் ஊற்றி விசிற வேண்டும். முதலில் குளிர்வித்தல், பிறகு ஆஸ்பத்திரி. நினைவில்லாதவன் வாயில் நீர் புகட்டக் கூடாது. இதனால்தான் கோடையில் தனியாக ஓடாதீர்கள் என்கிறோம். உடன் ஓடும் நண்பனைவிடச் சிறந்த பாதுகாப்புச் சாமான் இல்லை.

யார் பொறுப்பு?

பிள்ளைகளுக்கு மட்டும் புத்தி சொல்லி முடித்துவிட முடியாது. 2024 ஆகஸ்டு மாதம் தொடங்கிய ஜார்க்கண்டு கலால் காவலர் தேர்வில் ஆண்கள் 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓட வேண்டியிருந்தது. பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் உயிரிழந்தார்கள். வெயில், புழுக்கம், நெடுநேரக் காத்திருப்பு, ஊக்கப் பானம் என்று காரணங்கள் பலவாறாகச் சொல்லப்பட்டன. இறப்புகள் நேர்ந்த பிறகுதான் தேர்வைச் சில நாள் நிறுத்தினார்கள். ஒரு காவலர் வேலைக்காக வந்த பிள்ளைகள் சடலமாக வீடு திரும்பியதற்கு எந்தக் காரணமும் சமாதானமாகாது.

ஆள் எடுக்கும் துறைகள் கோடையில் ஓட்டத் தேர்வை விடியற்காலையில் முடித்துவிட வேண்டும். காத்திருக்கும் இடத்தில் நிழலும் குடிநீரும் இருக்க வேண்டும். விழுந்தவனைக் குளிர்விக்க ஐஸும் நீர்த்தொட்டியும் ஓடுகளத்தின் அருகிலேயே இருக்க வேண்டும். மாநகராட்சி தன் மைதானங்களைக் கோடையில் காலை 5 மணிக்கே திறந்து, ஒரு விளக்கும் ஒரு குடிநீர்க் குழாயும் வைக்க வேண்டும். கோடிக்கணக்கில் செலவாகும் காரியங்கள் அல்ல இவை. இங்குள்ள நம் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டு விழாவில் பொன்னாடைக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கினால், ஒவ்வொரு பகுதியிலும் பத்துப் பிள்ளைகளுக்குக் காலணி வாங்கித் தரலாம். உடன் ஓடித் துணை நிற்க, முன்பு தேர்வில் தேறிய ஓர் அண்ணனையும் அமர்த்தலாம்.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். மகனோ மகளோ ஒரு நாள் பாதியில் நின்று வீடு திரும்பினால், சோம்பேறி என்று ஏசாதீர்கள். வெயில் கடுமையான நாளில் நிற்கத் தெரிந்த பிள்ளைதான் மறுநாளும் ஓடும். தவறிய தேர்வு மறுபடியும் வரும். பிள்ளையின் உயிர் அப்படியல்ல.