‘காஞ்சிவரம் ஸ்டைல்’: ஓர் ஊரின் பெயரை வாடகைக்கு விடுவது யார்?

முகூர்த்த சீசன் வந்துவிட்டால் செல்போனில் ‘காஞ்சிபுரம் பட்டு’ என்று தேடாத வீடு குறைவு. தேடினால் சில நூறு ரூபாய்க்கும் சேலை வருகிறது, பல பத்தாயிரம் ரூபாய்க்கும் வருகிறது. இரண்டிலும் அதே கோபுர பார்டர், அதே மயில், அதே நாலரை நட்சத்திரம். தலைப்பில் இரண்டுக்குமே ‘காஞ்சி’ உண்டு.

கொஞ்சம் கணக்குப் போட்டாலே விஷயம் புரிந்துவிடும். அசல் பட்டு நூல் ஒரு கிலோவே பல ஆயிரம் ரூபாய். ஜரிகைக்குத் தனி விலை. பார்டரையும் உடலையும் தனித்தனி நிறத்தில் இணைக்கும் ‘கோர்வை’ சேலை என்றால், தறியில் நெய்பவர் ஒருவர், பக்கத்தில் கோர்வை இழுக்க இன்னொருவர் என இரண்டு பேர் உழைப்பு. வேலைப்பாட்டைப் பொறுத்து பத்து நாளும் ஆகும், ஒரு மாதமும் ஆகும். அப்படியிருக்க, சில நூறு ரூபாயில் அது வீட்டு வாசலுக்கு, அதுவும் ஃப்ரீ டெலிவரியில் எப்படி வரும்?

வராது. வருவது வேறு துணி. ஆனால் பெயர் மட்டும் காஞ்சிபுரத்தினுடையது. பிரச்சினை துணியில் இல்லை, அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

பெயர் யாருக்குச் சொந்தம்?

காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தியாவின் புவிசார் குறியீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது 1999இல், நடைமுறைக்கு வந்தது 2003 செப்டம்பரில். டார்ஜிலிங் தேயிலைதான் முதலில் பதிவான பொருள். அந்தத் தொடக்க வரிசையிலேயே காஞ்சிபுரமும் இடம்பிடித்துவிட்டது.

டிரேட்மார்க் ஒரு கம்பெனிக்குச் சொந்தம், அதை விற்கலாம், வாங்கலாம். புவிசார் குறியீடு அப்படியில்லை. அது அந்த வட்டாரத்தில், அந்த முறைப்படி செய்கிற எல்லோருக்கும் பொது. பதிவு பெற்ற பயனர் அதைப் பயன்படுத்தலாமே தவிர, இன்னொருவருக்கு விற்க முடியாது. பொய்யாகப் பயன்படுத்தினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது.

படிக்கும்போது பலமான வேலிதான். ஆனால் அந்த வேலியில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது.

‘ஸ்டைல்’ என்ற ஒரு சொல்

ஆன்லைனில் மலிவுச் சேலைகளின் தலைப்பைக் கவனித்தால் ‘காஞ்சிவரம் ஸ்டைல்’, ‘காஞ்சி டைப்’, ‘காஞ்சிவரம் ஆர்ட் சில்க்’ என்று இருக்கும். நேராகக் ‘காஞ்சிபுரத்தில் நெய்தது’ என்று சொல்ல மாட்டார்கள். சொல்லாமலே சொல்லும் வித்தை இது.

புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் 22ஆம் பிரிவில் இதற்கு மருந்து இருக்கிறது. ‘ஸ்டைல்’, ‘மாதிரி’, ‘இமிடேஷன்’ என்று ஒட்டுச் சொல் சேர்த்து விற்றாலும் அது மீறல்தான் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை. மத்திய அரசு ‘கூடுதல் பாதுகாப்பு’ தேவை என்று தனியாக அறிவிக்கை வெளியிட்ட பொருட்களுக்கு மட்டுமே இது பொருந்தும். மற்ற பொருட்களுக்கு, அந்தப் பெயர் வாங்குபவரைக் குழப்புகிறது என்று வழக்குப் போட்டு நிரூபிக்க வேண்டும். ஒரு கணக்கை முடக்கினால் மறுநாள் வேறு பெயரில் கடை திறக்கிற உலகத்தில், எத்தனை வழக்குதான் போடுவது?

உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தம் ஒயினுக்கும் மற்ற மதுபானங்களுக்கும் இந்தப் பாதுகாப்பை நேரடியாகவே கொடுத்திருக்கிறது. சாராயத்தின் பெயருக்கு உலகமே காவல் நிற்கும்போது, சேலையின் பெயருக்கு உள்ளூரிலேயே ஆளில்லை என்பது விசித்திரம்தான்.

மூன்று முத்திரை, மூன்று அர்த்தம்

‘சில்க் மார்க் பார்த்துத்தான் வாங்கினேன்’ என்று பலர் நிம்மதியாகச் சொல்வார்கள். அங்கேயும் ஒரு குழப்பம் உண்டு.

மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியால் 2004இல் வந்த ‘சில்க் மார்க்’, துணி சுத்தமான பட்டு என்று மட்டும்தான் சொல்லும். அது கைத்தறியா, விசைத்தறியா, எந்த ஊர் என்று சொல்லாது. 2006இல் வந்த ‘ஹேண்ட்லூம் மார்க்’, கையால் நெய்தது என்று சொல்லும். அது பட்டா, பருத்தியா, எந்த ஊர் என்பது அதன் வேலை இல்லை. ஊரையும் முறையையும் சேர்த்துச் சொல்வது புவிசார் குறியீடுதான்.

ஆக, விசைத்தறியில் ஓட்டிய சுத்தமான பட்டுச் சேலைக்கும் நியாயமாகவே சில்க் மார்க் கிடைக்கும். அதன் படத்தைப் போட்டு, தலைப்பில் ‘காஞ்சிவரம்’ என்று சேர்த்துவிட்டால் வாங்குபவர் மனசு தானாகவே மீதியை இட்டு நிரப்பிக்கொள்ளும்.

1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சில ரகங்களைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும் என்கிறது. ஆனால் அது பாய்வது நெய்பவர் மேல். அந்தத் துணியைக் கோடிப் பேருக்குக் காட்டிக் கமிஷன் வாங்கும் ஆப் அதன் கண்ணில் படுவதில்லை.

கோயில் வாசல் புரோக்கரும் அல்காரிதமும்

காஞ்சிபுரத்துக்குப் போனவர்களுக்கு ஓர் அனுபவம் பழக்கம். காமாட்சி அம்மன் கோயிலிலோ வரதராஜப் பெருமாள் கோயிலிலோ தரிசனம் முடித்து வெளியே வந்தால், “காஞ்சிக்கு வந்துட்டு பட்டு பார்க்காம போறீங்களாம்மா? நம்ம கடைதான், நேரா தறி விலை” என்று ஒரு குரல் கூடவே வரும். அவர் கூட்டிப்போகும் கடையில் அவருக்குக் கமிஷன் உண்டு. அந்தக் கமிஷன் சேலை விலையில் சேரும். உள்ளூர்க்காரர்களுக்கு இது தெரிந்த கதை.

ஷாப்பிங் ஆப்பில் நடப்பதும் ஏறக்குறைய இதேதான். ‘ஸ்பான்சர்ட்’ என்று பொடி எழுத்தில் போட்டு முதல் வரிசையில் நிற்பவை, காசு கட்டி நிற்பவை. ‘காஞ்சிபுரம்’ என்ற சொல்லைத் தேடுபவர் முன்னால் தன் சரக்கைக் காட்ட, விற்பவர் விளம்பரப் பணம் கட்டலாம். தலைமுறை தலைமுறையாக ஒரு ஊர் சம்பாதித்த பெயருக்கு வாடகை வசூலாகிறது. வாடகை வாங்குவது ஊர் அல்ல.

வித்தியாசமும் உண்டு. கோயில் வாசல் புரோக்கருக்கு முகம் இருக்கிறது. ஏமாந்தால் மறுநாள் வந்து சட்டையைப் பிடிக்கலாம். எந்தச் சேலை முதலில், எது ஐம்பதாவது பக்கத்தில் என்று தீர்மானிக்கும் அல்காரிதத்துக்கு முகமும் இல்லை, சட்டையும் இல்லை.

2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், பொருட்களை வரிசைப்படுத்தும் முக்கிய அளவுகோல்களை ஆப் நிறுவனங்கள் விளக்க வேண்டும் என்கின்றன. விளக்கம் கேட்கிறதே ஒழிய, காசு வாங்கி முன்னால் நிறுத்துவதை அந்த விதி தடுக்கவில்லை. பொருள் எந்த நாட்டில் தயாரானது என்றும் காட்டச் சொல்கிறது. ‘இந்தியா’ என்று போட்டால் முடிந்தது. சூரத்தும் இந்தியாதான், பிள்ளையார்பாளையமும் இந்தியாதான்.

‘நாங்கள் வெறும் சந்தைதான்’

புகார் கிளம்பினால் ஆப் நிறுவனங்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: ‘நாங்கள் விற்கவில்லை, இடம் மட்டும் கொடுக்கிறோம்.’ தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு, இடைத்தரகர்களுக்கு அப்படி ஒரு குடையைப் பிடித்திருக்கிறது.

அந்தக் குடை எவ்வளவு பெரியது என்பதில் நீதிமன்றங்களே ஒரே பார்வையில் இல்லை. விளம்பரம், பேக்கிங், தர உத்தரவாதம் என்று எல்லாவற்றிலும் இறங்கி வேலை செய்யும் தளம் இந்தப் பாதுகாப்பைக் கேட்க முடியாது என்று லூபுட்டான் காலணி வழக்கில் 2018இல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி சொன்னார். சட்டத்தில் அப்படி ஒரு பாகுபாடே இல்லை என்று ஆம்வே வழக்கில் 2020இல் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு சொன்னது. 2023இல் கூகுள் விளம்பர வழக்கில், பிறருடைய டிரேட்மார்க்கை விளம்பரத்துக்கான தேடல் சொல்லாக விற்பதில் கூகுள் வெறும் பார்வையாளர் அல்ல என்றும், மீறல் நிரூபணமானால் 79ஆம் பிரிவுக்குள் ஒளிய முடியாது என்றும் இன்னோர் அமர்வு கூறியது.

இந்த வழக்குகளில் ஒரு பக்கம் நின்றவை எல்லாம் வக்கீல் வைக்க வசதியுள்ள நிறுவனங்கள். நெசவாளருக்கு அந்த வசதி எங்கே? 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் நெசவாளர் குடும்பங்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு.

தெருவில் நடந்த அரசியல்

தறிக்குப் போட்டி வருவது புதிதல்ல. 1950களின் தொடக்கத்தில் எதிராளி மில் துணி. அன்று முதல்வராக இருந்த ராஜாஜி, வேட்டி சேலையைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று மத்திய அரசிடம் மல்லுக்கு நின்றார். அவரைக் கடுமையாக எதிர்த்த திமுகவின் தலைவர்களும், காஞ்சிபுரத்துக்காரரான அண்ணா உட்பட, 1953இல் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருவில் விற்றார்கள். எதிரெதிர்க் கட்சிகள். ஆனால் நெசவாளர் பிரச்சினை அரசியல் பிரச்சினை என்பதில் இரண்டு பக்கத்துக்கும் சந்தேகம் இல்லை.

இன்று போட்டியின் விதிகளை எழுதுவது சட்டமன்றம் இல்லை. பெங்களூரிலோ சியாட்டிலிலோ இருக்கும் ஓர் அலுவலகம் தேடல் முறையில் ஒரு மாற்றம் செய்தால், யாருடைய சேலை கண்ணில் படும் என்பது மாறிவிடும். அதைப் பற்றி எந்த மேடையிலும் பேச்சு இல்லை. ரீல்ஸில் பட்டுக்கட்டிய பெருமை நிறைய உண்டு. நெய்தவர் பெயர் இருக்காது.

அப்போ ஆன்லைனே வேண்டாமா?

அப்படிச் சொன்னால் அது நியாயம் ஆகாது. சங்கத்துக்கோ தனியார் முதலாளிக்கோ கூலிக்கு நெய்துவந்த குடும்பங்களில், படித்த பிள்ளைகள் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் நேரடியாக விற்கத் தொடங்கியிருக்கிறார்கள். சிங்கப்பூர் வாடிக்கையாளருக்குத் தறியையே வீடியோ காலில் காட்டலாம். 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸும் ஆன்லைனில் இருக்கிறது.

ஆனால் பாதை சமமாக இல்லை. ஆப் வழியாக விற்க ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்ற விதி, சிறு விற்பனையாளர்களுக்கு 2023 அக்டோபர் முதல் தளர்ந்தது. அதுவும் மாநிலத்துக்குள் விற்றால் மட்டும். பதிவில்லாத நெசவாளர் சென்னைக்கு விற்கலாம், பெங்களூருக்கு அனுப்ப முடியாது. போதாக்குறைக்கு, புது டிசைனைப் படம் எடுத்துப் போட்டால், கொஞ்ச நாளில் அதுவே டிஜிட்டல் பிரிண்டில் வேறு யாரோ விற்பதும் நடக்கும்.

மலிவுச் சேலையும் குற்றம் இல்லை. செயற்கை இழைச் சேலையை நெய்பவரும் தொழிலாளிதான். பட்டு வாங்க முடியாத குடும்பமும் கல்யாணத்தில் பளிச்சென்று உடுத்தத்தான் வேண்டும். அதை அதன் பெயரிலேயே விற்கட்டும் என்பதுதான் கேட்பது.

என்ன செய்யலாம்?

முதலாவது, 22ஆம் பிரிவின் கூடுதல் பாதுகாப்பைக் காஞ்சிபுரம் பட்டுக்கு அறிவிக்கச் சொல்லி மாநில அரசு டெல்லியை நெருக்க வேண்டும். புதுச் சட்டம் தேவையில்லை, ஓர் அறிவிக்கை போதும். ‘ஸ்டைல்’ என்ற ஓட்டை அதிலேயே அடைபடும்.

இரண்டாவது, ‘காஞ்சிபுரம்’, ‘காஞ்சிவரம்’ என்ற சொல்லைத் தலைப்பில் போட விரும்புபவரிடம் புவிசார் குறியீட்டுப் பயனர் எண்ணைக் கேட்டு வாங்குவது ஆப் நிறுவனத்தின் கடமையாக வேண்டும். உணவுப் பொருள் விற்பவரிடம் உரிம எண் கேட்கத் தெரிந்தவர்களுக்கு இது முடியாத காரியம் இல்லை. கூடவே, நெசவாளர்கள் எல்லோரையும் பயனராகப் பதிவு செய்யும் வேலையை அரசும் சங்கங்களும் வேகப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் இந்த வேலி அசல் நெசவாளரையே வெளியே நிறுத்திவிடும்.

மூன்றாவது, வாங்குபவர் வேலை. எந்த முத்திரை எதைச் சொல்கிறது என்று பார்ப்பது. வந்த சேலையில் ஓர் இழையைப் பிரித்து எரித்துப் பார்ப்பது: பட்டு என்றால் முடி கருகும் வாசனையோடு பொடிச் சாம்பலாகும், செயற்கை இழை என்றால் உருகி உருண்டையாகும். ஏமாந்தது தெரிந்தால் தலைப்பின் ஸ்கிரீன்ஷாட்டோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்வது. விதிப்படி, ஆப் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

மூன்றில் மூன்றாவது மட்டும் நடந்தால் பொறுப்பு முழுக்க வாங்குபவர் தலையில் விழும். இதுவரை அப்படித்தான் நடக்கிறது. பெயரைக் காட்டிக் காசு பார்ப்பவரே அந்தப் பெயருக்குப் பொறுப்பு ஏற்க வேண்டும். பிள்ளையார்பாளையத்து வீட்டில் இன்று பாவு ஏற்றும் நெசவாளர் கேட்பது சலுகை அல்ல. தன் ஊர்ப் பெயரைத் தேடினால் தன் சேலை முதலில் வர வேண்டும் என்பதுதான்.