பின்னேரத்தைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்

என் தங்கச்சி தரம் 4 இல் படிக்கிறாள். காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டு இறங்குவாள். பாடசாலை விட்டு வந்து, சாப்பிட்டு, உடுப்பு மாற்றும்போது இரண்டு மணியாகிவிடும். இரண்டரைக்குப் பிரத்தியேக வகுப்பு. நாலு மணிக்கு அங்கிருந்து நேரே குர்ஆன் மத்ரஸா. மஃரிபோடு வீடு. இரவில் பாடசாலை வீட்டுவேலை. அது முடிந்தால் வகுப்பு சேர் கொடுத்த மாதிரி வினாத்தாள். வயது ஒன்பது. உயர்தரம் படிக்கும் என்னுடைய நேரசூசியையும் அவளுடையதையும் ஒரு நாள் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என்னைவிட அவளுக்கு அரை மணித்தியாலம் வேலை அதிகம்.

மத்ரஸாவைச் சேர்த்து எண்ணியது குறை சொல்வதற்காக அல்ல. நாங்கள் எல்லோரும் ஓதித்தான் வளர்ந்தோம். ஆனால் எங்கள் காலத்தில் பாடசாலைக்கும் மத்ரஸாவுக்கும் நடுவில் ஒரு பின்னேரம் இருந்தது. இப்போது அந்த இடத்தில் புலமைப்பரிசில் பரீட்சை குந்திக்கொண்டிருக்கிறது.

இலவசக் கல்வியோடு சேர்ந்து 1940களில் வந்த பரீட்சை அது. கிராமத்து ஏழைப் பிள்ளை உதவிப் பணத்தோடு மத்திய கல்லூரிக்குப் போய்ப் படிக்கட்டும் என்பதே நோக்கம். நல்ல நோக்கம்தான். இன்று மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் அதை எழுதுகிறார்கள். தரம் 5 இல் நடக்கும் பரீட்சைக்குத் தரம் 3 இலேயே வகுப்புத் தொடங்கிவிடுகிறது. பரீட்சைக்குச் சில நாட்கள் இருக்கும்போது வகுப்புகளும் கருத்தரங்குகளும் நடத்தக் கூடாது என்று பரீட்சைத் திணைக்களம் வருடாவருடம் அறிவித்தல் விடுகிறது. எனக்குத் தெரிந்து ஆரம்பப் பிரிவுப் பிள்ளைக்குக் கிடைக்கும் உண்மையான விடுமுறை அந்தச் சில நாட்கள்தான்!

நான் அந்தப் பரீட்சையில் சித்தியடைந்தவள். ஆகவே கிடைக்காத பழத்தைப் புளிக்கும் என்கிறாள் என்று யாரும் சொல்ல முடியாது. என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த ஒருத்தி வெட்டுப்புள்ளிக்கு மூன்று புள்ளி குறைவாக எடுத்தாள். என்னைவிட வேகமாக மனக்கணக்குச் செய்தவள் அவள். "எனக்குக் கணக்கு ஓடாது" என்று தரம் 6 முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பத்து வயதில் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது யார்?

இந்த ஏப்ரல் விடுமுறையில் தங்கச்சியையும் அயல்வீட்டுப் பிள்ளைகள் ஐந்து பேரையும் எங்கள் வாப்பும்மாவின் வளவில் சேர்த்தேன். பத்து நாட்கள். வகுப்பு இல்லாத பிள்ளைகளுக்கு நாமும் ஏதாவது செய்து பார்ப்போமே என்ற எண்ணம்தான்.

முதல் நாள் படுதோல்வி. இரண்டு இரவு கண் விழித்து, கலர் அட்டை வெட்டி, 'கல்வி விளையாட்டு' என்று ஒன்று செய்திருந்தேன். அட்டையைக் கையில் வாங்கிய உடனே ஒரு சின்னவன் கேட்டான்: "ராத்தா, இதுக்கு எத்தின புள்ளி?" அவன் கேட்டதில் பிழையே இல்லை. அது வினாத்தாள்தான், நான் அதற்குக் கலர் அடித்திருந்தேன், அவ்வளவுதான். அட்டைகளை அப்படியே சுருட்டி அலுமாரிக்கு மேல் போட்டுவிட்டேன்.

அடுத்த நாள் 30 சென்ரிமீற்றர் நீளத்துக்கு ஒரு கம்பு வெட்டி மணலில் நட்டோம். ஏப்ரல் முற்பகுதியில் சூரியன் எங்கள் நாட்டுக்கு நேர் மேலே வருகிறது. உச்சிப் பொழுதில் கம்பின் நிழல் கிட்டத்தட்டக் காணாமலே போனது. பிள்ளைகள் கம்பைச் சுற்றிச் சுற்றி வந்து தேடினார்கள். பிறகு அரை மணிக்கொரு தரம் நிழலின் நுனியில் சிப்பி வைத்தோம். மூன்று மணி தாண்டி அஸருக்குப் பாங்கு சொல்லும்போது, தங்கச்சி அடிமட்டத்தோடு ஓடிப்போய் அளந்தாள். 31 சென்ரிமீற்றர். கம்பும் நிழலும் ஏறக்குறைய ஒரே நீளம்!

அஸர் நேரம் எப்போது தொடங்கும் என்று மார்க்க பாடத்தில் நான் மனனம் செய்து எழுதியிருக்கிறேன்: உச்சியில் இருந்த நிழல் போக, ஒரு பொருளின் நிழல் அதன் நீளத்துக்குச் சமமாகும் வேளை. எழுதி முழுப் புள்ளியும் எடுத்திருக்கிறேன். ஆனால் அதைக் கண்ணால் பார்த்தது பதினேழு வயதில், ஆறு சின்னப் பிள்ளைகளோடு. "அப்ப மணிக்கூடு இல்லாத காலத்துல இப்பிடிப் பாத்துத்தானா ராத்தா பாங்கு சொன்ன?" என்று ஒருத்தி கேட்டாள். அந்தக் கேள்வி எந்த மாதிரி வினாத்தாளிலும் இல்லை. அவளேதான் அன்று பின்னேரம் ஒரு நொடியும் கட்டினாள்: "உச்சி வெயிலில் ஒளிச்சிருப்பான், பின்னேரம் நீட்டிப் படுப்பான், ஆர்?" விடை தெரிந்தும் நாங்கள் தெரியாத மாதிரி இருந்தோம்.

அதன் பிறகு நான் திட்டம் போடுவதையே விட்டுவிட்டேன். வாப்பும்மா கொக்கான் வெட்டக் காட்டிக் கொடுத்தார். ஐந்து கல். ஒன்றை மேலே எறிந்து, கீழே கிடக்கும் நான்கையும் முதலில் ஒவ்வொன்றாக, பிறகு இரண்டிரண்டாக, பிறகு மூன்றும் ஒன்றுமாக, கடைசியில் நான்கையும் ஒரே வாரலில் அள்ள வேண்டும். தரம் 1 பிள்ளைக்கு எண்களைப் பிரிப்பதும் கூட்டுவதும் இதைவிட எப்படிப் படிப்பிப்பது? கை, கண், கணக்கு மூன்றும் ஒன்றாக ஓடுகின்றன. செலவு ஐந்து கல்.

வாப்பும்மா பன்பாய் இழைப்பவர். பெருக்கல் வாய்ப்பாடு வராது என்று வகுப்பில் பேச்சு வாங்கும் ஒரு பிள்ளை அவர் பக்கத்தில் போய்க் குந்திவிட்டாள். பாயில் பூ விழ வேண்டுமென்றால் பன்னைச் சோடி சோடியாக எண்ணித் தூக்க வேண்டும். ஒன்று பிழைத்தால் அவிழ்க்க வேண்டும். இரண்டாம் நாள் அந்தப் பிள்ளை வாய்க்குள் "எட்டுச் சோடி பதினாறு" என்று முணுமுணுத்ததை நான் கேட்டேன். பிழைத்தபோது வாப்பும்மா திட்டவில்லை. "அவுத்துட்டு இழை" என்றார். அவள் அவிழ்த்தாள், இழைத்தாள். வகுப்பில் பிழைவிட்டால் சிவப்புப் பேனை கோடு போடும். அவிழ்ப்பதற்கு நேரம் தராது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆரம்பப் பிரிவில் 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்று ஒரு பாடம் இருக்கிறது. பெயரிலேயே செயற்பாடு. வித்து முளைக்க நீர், வளி, பொருத்தமான வெப்பநிலை வேண்டும் என்று தங்கச்சி தூக்கத்திலும் சொல்வாள். ஆனால் அவள் ஒரு வித்தைக்கூட முளைக்க வைத்ததில்லை. யோகட் கப்பில் பயறு போட்டோம். முளைத்ததா என்று பார்க்க அவள் தினமும் தோண்டித் தோண்டி, அவளுடைய பயறு மட்டும் முளைக்கவே இல்லை. அழுதாள். மற்றக் கப்புகள் பச்சையாக நின்றன. அன்று அவள் படித்ததை நான் வாயால் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

எட்டாம் நாள் ஒரு பிள்ளையின் உம்மா படலையில் நின்று என்னைக் கூப்பிட்டார். அவருடைய மகள் தரம் 5. "இந்தா புள்ள, நீ நல்லதுக்குத்தான் செய்றாய், தெரியும். ஆனா இந்த வருஷம் சோதின எழுதுறது உன்ட தங்கச்சி இல்ல, என்ட மகள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மகளின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அவருடைய கணவர் கட்டாரில். அவர் வீட்டில் தையல் மெஷின் இரவு பத்து மணி வரை ஓடும். மகள் சித்தியடைந்தால் மாதாமாதம் ஒரு சிறு தொகை வரும், நல்ல பாடசாலை கிடைக்கும். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று அன்று எனக்குத் தெரியவில்லை. பின்னேரத்தில் பிள்ளையைப் பாதுகாப்பாக வைத்திருக்கும் இடமும் அவருக்கு அந்த வகுப்புத்தான் என்பது பிறகுதான் விளங்கியது.

ஆகவே வகுப்புகளை மூடுங்கள் என்று நான் எழுதவில்லை. பரீட்சை இருக்கும் வரை தரம் 5 பிள்ளை அதற்குப் படிக்கத்தான் வேண்டும். ஆனால் தரம் 1 முதல் 4 வரை உள்ள பிள்ளைக்குக் கடந்தகால வினாத்தாள் எதற்கு? அந்தப் பிள்ளையின் பின்னேரம் இன்னும் நம் கையில்தான் இருக்கிறது.

அதிலும் பெண் பிள்ளையின் பின்னேரம். எங்கள் ஊரில் அஸர் தொழுதபின் எட்டு வயதுப் பையன் கடற்கரைக்குப் பந்தோடு போவான். அவனுடைய தங்கை எங்கே போவாள்? எட்டு, ஒன்பது வயது வந்தால் "பொம்புளப் புள்ள, வெளியால திரியாத" என்ற சொல் வந்துவிடும். பெற்றோரின் பயத்தை நான் கேலி செய்யவில்லை. ஆனால் நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதை நாம் படிக்கிறோம், படிப்பிக்கிறோம். ஓடுவதற்கு எங்கள் சின்னப் பிள்ளைகளுக்கு இடம் எங்கே என்று மட்டும் கேட்பதில்லை. கிளித்தட்டு விளையாட ஒரு வெறும் நிலமும் கோடு கீற ஒரு தடியும் போதும். சுற்றுமதில் இருந்தால் உம்மாமாரின் பயமும் குறையும்.

அப்படி ஓர் இடம் நம்மிடம் இருக்கிறது. நம் கல்லூரியின் ஆரம்பப் பிரிவு முற்றம். வேப்ப மரம் உண்டு, மணல் உண்டு, மதில் உண்டு, குழாய்த் தண்ணீர் உண்டு. பாடசாலை விட்டதும் பூட்டினால் மறுநாள் காலைதான் திறக்கும். பார்த்துக்கொள்ள ஆள்? சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும் வரை மாதக்கணக்கில் வீட்டில் இருக்கும் எங்கள் தங்கைமார் எத்தனை பேர்! தொலைபேசியைப் பார்த்துச் சலித்துப்போன அவர்களில் நாலு பேர் வந்தால் போதும். வாப்பும்மாமாரில் இரண்டு பேரைக் கதிரை போட்டு இருத்தினால் கொக்கானுக்கும் கதைக்கும் நொடிக்கும் குறைவில்லை. அட்டை வெட்ட வேண்டாம். அந்தச் செலவை நான் செய்து பார்த்துவிட்டேன்.

அதிபர் அவர்களிடம் எங்கள் வகுப்பு மாணவிகள் பதினொரு பேர் கையொப்பமிட்ட கடிதம் ஒன்றைக் கொடுத்திருக்கிறோம். செவ்வாயும் வியாழனும், இரண்டரை மணி முதல் நாலு மணி வரை. மத்ரஸா நேரத்தில் கை வைக்கவில்லை. படலையின் திறப்பு காவலாளி காக்காவிடம் இருக்கிறது. கேட்டோம், திறந்துவிட அவருக்குச் சம்மதம். தையல்கார உம்மாவிடமும் போனேன். பெரியவளை அனுப்ப முடியாது, தரம் 2 இல் படிக்கும் சின்னவளை அனுப்புகிறேன் என்றிருக்கிறார்.