ஹீலா காட்டின் வெந்நீர்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், தென்மேற்கு மூலையில், ஹீலா தேசிய வனம் இருக்கிறது. அதன் ஒரு பெரும்பகுதிக்குச் சாலை கிடையாது. வனத்துறையில் பணியாற்றிய ஆல்டோ லியோபோல்ட் விடாமல் வலியுறுத்தியதால், 1924 ஜூன் 3 அன்று அந்தப் பகுதி சாலையும் கட்டடமும் வரக்கூடாத காடாக ஒதுக்கப்பட்டது. அந்த நாட்டில் அப்படி ஒதுக்கப்பட்ட முதல் காடு இதுதான். பிறகு 1964-இல் வந்த சட்டம் அந்தக் காவலை உறுதியாக்கியது. மோட்டார் வண்டி மட்டுமல்ல, சைக்கிளும் உள்ளே போக முடியாது. ஹீலா ஆற்றின் கிளைகளை ஒட்டி அங்கங்கே கசியும் வெந்நீர் ஊற்றுகள் இன்றும் பழைய கோலத்திலேயே இருப்பதற்கு இந்தத் தடையே காரணம்.

இந்த மலைகள் எரிமலைகள் கக்கியவை. சுமார் 2.8 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே பெரிய வெடிப்புகள் நிகழ்ந்தன. அந்த நெருப்பு எப்போதோ ஆறிவிட்டது; இன்றைய வெந்நீருக்குச் சூடு தருவது அதுவல்ல. மழைநீரும் பனி உருகிய நீரும் பாறை இடுக்குகள் வழியே ஆழத்துக்கு இறங்குகின்றன. பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் பொதுவாக 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் கூடும். அங்கே சூடேறிய நீர், நிலப்பிளவு ஏதாவது அகப்பட்டால் ஆறும் முன்பே விரைந்து மேலே வந்துவிடுகிறது. அந்தப் பிளவுகளை நதி அரித்துப் பள்ளத்தாக்காக்கியிருப்பதால், ஊற்றுகள் பெரும்பாலும் ஆற்றங்கரையிலேயே அமைந்திருக்கின்றன.

பக்கத்து ஊர் சில்வர் சிட்டி. அங்கிருந்து 15-ஆம் எண் மாநிலச் சாலையில் 44 மைல்தான் என்றாலும் வளைவுகள் மிகுந்த மலைப்பாதை என்பதால் இரண்டு மணி நேரம் ஆகும். சாலை முடியுமிடத்தில் ஹீலா குன்றுக் குடியிருப்புகள் உள்ளன. 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மொகோயோன் மக்கள் குகைகளுக்குள் எழுப்பிய வீடுகள் அவை. 1907 முதல் தேசிய நினைவுச்சின்னம். வெந்நீருக்கு வருகிறவர்களில் பலர் இந்த வீடுகளை எட்டிக்கூடப் பார்க்காமல் போவது வருத்தமான விஷயம்தான்.

அங்குள்ள பார்வையாளர் மையத்துக்கு மிக அருகில் இருப்பது லைட்ஃபெதர் ஊற்று. மிடில் ஃபோர்க் எனப்படும் கிளையாற்றை ஒட்டி அரை மைல் நடக்க வேண்டும். வழியில் இரண்டு முறை ஆற்றில் இறங்கிக் கடக்க வேண்டும். பாறையிலிருந்து வெளிவரும் இடத்தில் நீர் ஏறக்குறைய 54 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டில் அரை நிமிடம் நின்றாலே தோல் வெந்துவிடும். ஆகவே குளிக்க வந்தவர்கள் ஆற்றுக் கற்களை வட்டமாக அடுக்கித் தொட்டியாக்கி, ஒருபுறம் ஊற்றையும் மறுபுறம் குளிர்ந்த ஆற்று நீரையும் உள்ளே விடுகிறார்கள். ஒரு கல்லை நகர்த்தினால் சூடு ஏறும், இன்னொன்றை நகர்த்தினால் இறங்கும். வெள்ளம் வந்தால் தொட்டி போய்விடும். அடுத்து வருகிறவர் மறுபடி அடுக்குவார். பத்ரிநாத் தப்த குண்டத்தில் குளித்தவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். இங்கே படிக்கட்டு இல்லை, உடை மாற்றும் அறை இல்லை, கட்டணமோ காவலாளியோ இல்லை. ஆடையின்றிக் குளிக்கும் வழக்கமும் உண்டு என்பதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

ஜார்டன் ஊற்று இன்னும் உள்ளே. லிட்டில் பேர் பள்ளத்தாக்கு வழியாகப் போனால் ஏறக்குறைய ஆறு மைல். ஆற்றோரமாகவே போனால் எட்டு மைலுக்குக் குறையாது, ஆற்றைக் கடப்பதும் சலிப்புத் தட்டும் அளவுக்கு வந்துகொண்டே இருக்கும். வழுக்குப் பாறைகளில் வெறுங்காலோடு இறங்காமல், நனைந்தாலும் சரி என்று காலணியோடு நடப்பதே முறை. கையில் ஒரு கோலும் வேண்டும். இவ்வளவு நடந்து போய்ச் சேர்ந்தால் நீரின் சூடு சுமார் 34 டிகிரிதான், உடம்புச் சூட்டைவிடக் கொஞ்சம் குறைவு. கொதிக்கக் கொதிக்க எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். நாள் முழுதும் நடந்து களைத்த கால்களுக்கு அந்த வெதுவெதுப்பே போதும்.

ஆபத்துகளில் முதலாவது கண்ணுக்குத் தெரியாதது. நெக்லேரியா ஃபவுலேரி என்னும் அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் செழித்து வளர்வது. 2024-இல் கேரளத்தில் சிறுவர்களின் உயிரைப் பறித்ததாகச் செய்திகளில் அடிபட்ட அதே கிருமி. நீரைக் குடித்தால் அது தொற்றாது. மூக்கு வழியாக நுழைந்தால் முகர்வு நரம்பைப் பற்றிக்கொண்டு மூளைக்கு ஏறிவிடும். அமெரிக்காவில் 1962 முதல் 2022 வரை பதிவான 157 நோயாளிகளில் பிழைத்தவர்கள் நான்கே பேர். தொற்று மிக அரிது என்பது உண்மை. இருந்தும் வனத்துறை தலையை நீருக்குள் முக்க வேண்டாம், நீர் மூக்கில் ஏறவிட வேண்டாம் என்று எச்சரிக்கிறது. கழுத்து வரை அமர்ந்திருப்பதில் இந்த அபாயம் இல்லை.

இரண்டாவது வெள்ளம். ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகல்களில் இடிமழை கொட்டும். மேலே எங்கோ பெய்த மழை, வானம் தெளிந்திருக்கும் பள்ளத்தாக்கிலும் திடீரென ஆற்றை உயர்த்திவிடும். காட்டுத்தீ பட்ட சரிவுகளில் மண்ணைப் பிடித்துவைக்கச் செடி இல்லாததால் இது இன்னும் மோசமாகிறது. ஹீலா வனத்தில் 2012-இல் மூண்ட தீ மூன்று லட்சம் ஏக்கருக்குச் சற்றுக் குறைவாகவும், 2022-இல் மூண்டது அதைவிட அதிகமாகவும் எரித்தன. வசந்தத்தில் பனி உருகும்போதும் கடவுகள் ஆழமாகிவிடும்.

குப்பை எடுக்கவும் ஆள் கிடையாது. கொண்டுபோனதை எல்லாம் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும். சோப்பு கூடாது, மூலிகைச் சோப்பும் சேர்த்துத்தான். தொட்டி நீர் அப்படியே ஆற்றில் கலக்கிறது. மலம் கழிக்க நீரிலிருந்து 200 அடியாவது தள்ளிப் போய், ஆறு முதல் எட்டு அங்குலம் குழி தோண்டி மூட வேண்டும். கண்ணாடிப் பாட்டில் உடைந்து வெறுங்காலைக் கிழித்தால், ஜார்டன் ஊற்றிலிருந்து மருத்துவரிடம் போய்ச் சேரப் பொழுது போய்விடும்.

மழை ஓய்ந்து, ஆறு வடிந்து, பனி தொடங்காத அக்டோபர்தான் போவதற்கு ஏற்ற மாதம்.