25 ரூபாய்க்குள் ஒளிந்திருக்கும் கணக்கு

2013 ஆகஸ்டில் தமிழக அரசு சென்னை ஆட்டோக்களுக்குக் கட்டணம் நிர்ணயித்தது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். மீட்டர் போட்டு ஓட்டுகிறார்களா என்ற பழைய சண்டை ஒருபுறம் இருக்கட்டும். நேர்க்கோட்டுச் சமன்பாட்டைச் சொல்லித்தர இதைவிட நல்ல கணக்கு கிடைப்பது அரிது.

சாய்வு 12, வெட்டுத்துண்டு 25 என்று பத்தாம் வகுப்பு மாணவர் சட்டெனச் சொல்லிவிடக்கூடும். அதன்படி 5 கிலோமீட்டருக்கு 60-ம் 25-ம் சேர்ந்து 85 ரூபாய். சாய்வு சரி, மற்றது தவறு. முதல் 1.8 கிலோமீட்டருக்கான காசு அந்த 25 ரூபாய்க்குள்ளேயே அடங்கிவிட்டது. மீதி 3.2 கிலோமீட்டருக்குத்தான் 12 ரூபாய் வீதம். ஆக மொத்தம் 63 ரூபாய் 40 காசு.

வரைபடத்தாளில் போட்டால் குட்டு உடைகிறது. 1.8 வரை கோடு 25 ரூபாய் உயரத்தில் படுத்தபடியே போகிறது. அங்கே சாய்வு பூச்சியம். பிறகுதான் ஏறுகிறது. ஏறும் கோட்டை ஸ்கேல் வைத்துப் பின்னோக்கி நீட்டினால் கட்டண அச்சைத் தொடும் இடம் 3 ரூபாய் 40 காசு. அதுதான் வெட்டுத்துண்டு. அந்தத் தொகையைக் கொடுத்துவிட்டு எந்தப் பயணியும் இறங்குவதில்லை. 1.8-க்கு இடப்புறம் அந்தக் கோட்டுக்கு வேலையே கிடையாது.

வகுப்பறை கோட்டை விடுவது இங்கேதான். பொதுத்தேர்வில் வரைபடத்துக்கு 8 மதிப்பெண் உண்டு. அளவுத்திட்டம் எழுதி, புள்ளி வைத்து, கோடும் போட்டுவிடுகிறார்கள் பிள்ளைகள். சாய்வு என்றால் எத்தனை ரூபாய், யாருடைய ரூபாய் என்று கேட்பார் அபூர்வம்.

கேட்டால் விஷயம் சூடுபிடிக்கும். இரவு 11 முதல் காலை 5 வரை ஒன்றரை மடங்கு என்பதும் அதே கட்டண விதி. சாய்வு 18 ஆகிறது. பகல் கோடும் இரவுக் கோடும் தூரம் போகப் போக விலகுகின்றன. 5 கிலோமீட்டருக்குக் கூடுதல் 31 ரூபாய் 70 காசு, 10 கிலோமீட்டருக்கு 61 ரூபாய் 70 காசு.

அதற்குப் பதிலாக, எவ்வளவு தூரமானாலும் இரவுக்கு 40 ரூபாய் கூடுதல் என்று வைத்திருந்தால்? சாய்வு மாறாது, கோடு மட்டும் இணையாக மேலே நகரும். பக்கத்துத் தெருவுக்குப் போகிறவருக்கு நஷ்டம். சென்ட்ரலில் ரயிலைவிட்டு இறங்கித் தாம்பரம் போகிறவருக்கு லாபம். எதைக் கூட்டுகிறோம் என்பதில் சுமை யார் தலையில் ஏறுகிறது என்பது இருக்கிறது. மின்சாரத்துக்கு நிலைக் கட்டணத்தை ஏற்றுவதா, யூனிட் விலையை ஏற்றுவதா என்ற வழக்கும் இதே ரகம்தான்.

இந்த இரண்டு இரவுத் திட்டங்களையும் ஒரே தாளில் வரையச் சொல்லி, எங்கே வெட்டிக்கொள்கின்றன என்று தேர்வில் கேட்கலாம். விடை ஏறத்தாழ 6.4 கிலோமீட்டர். அதற்குள் இறங்கிவிடுகிறவருக்கு ஒன்றரை மடங்கே மலிவு.