போர்ஷேவா, லம்போர்கினியா? தீராத பஞ்சாயத்துக்கு ஒரு தீர்ப்பு

நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வான்டட் 2005 நவம்பரில் வந்த கேம். அதற்குப் பிறகு அந்த வரிசையிலேயே ஒரு டஜனுக்கு மேல் வந்துவிட்டன. ஆனாலும் திருச்சி ஹாஸ்டல் ரூம்களில் பழைய லேப்டாப்பில் ஓடுவது இன்றைக்கும் அதுதான். தில்லைநகர், சத்திரம் பக்கத்து பிரௌசிங் சென்டர்களில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து அண்ணன்கள் விளையாடினார்கள். தம்பிகள் ஓசியில் விளையாடுகிறார்கள். கேம் கைமாறியபோது கூடவே ஒரு சண்டையும் கைமாறியது. போர்ஷே கரேரா ஜிடி பெரிசா, லம்போர்கினி முர்சியேலாகோ பெரிசா?

(ஃபெராரி ஏன் இந்தச் சண்டையில் இல்லை என்று கேட்டால், அந்த கேமில் ஃபெராரியே கிடையாது. கேமுக்குள் எந்த கார் வரும் என்பதை வேகம் முடிவு செய்வதில்லை, லைசென்ஸ் ஒப்பந்தம்தான் முடிவு செய்கிறது. இதே கம்பெனி போர்ஷேவை 2016 வரை தன் ஒப்பந்தத்தில் கட்டி வைத்திருந்ததால், மற்ற கேம்களில் போர்ஷேவைப் பார்ப்பதே அபூர்வமாக இருந்தது.)

முதலில் பேப்பரில் பார்ப்போம்.

கரேரா ஜிடி: 5.7 லிட்டர் வி10 இன்ஜின், 612 குதிரைசக்தி, எடை 1,380 கிலோ, பின் சக்கரங்களுக்கு மட்டும் பவர்.

முர்சியேலாகோ: 6.2 லிட்டர் வி12 இன்ஜின், 580 குதிரைசக்தி, எடை 1,650 கிலோ, நான்கு சக்கரங்களுக்கும் பவர்.

டாப் ஸ்பீட் இரண்டுக்கும் மணிக்கு 330 கி.மீ. அளவில்தான். நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகம் தொட கம்பெனிக் கணக்கில் போர்ஷேவுக்கு 3.9 வினாடி, லம்போர்கினிக்கு 3.8 வினாடி. கவனித்தீர்களா? 270 கிலோ அதிக எடை, 32 குதிரைசக்தி குறைவு, ஆனாலும் லம்போர்கினி ஒரு மயிரிழை முந்துகிறது. காரணம் அந்த நான்கு சக்கரம். எவ்வளவு பவர் இருந்தாலும் டயர் தரையைப் பிடித்தால்தான் அது வேகமாகும். இல்லையென்றால் வெறும் புகை.

அடுத்து கேமுக்குள் வருவோம். அங்கே சந்தேகமே இல்லை, போர்ஷேதான் ராஜா. பிக்கப், திருப்பம் இரண்டிலும் அது லம்போர்கினியைச் சாதாரணமாகத் தூக்கிச் சாப்பிடும். ராக்போர்ட் நகரத்தின் குறுகலான வளைவுகளில் முர்சியேலாகோ ஒரு சுற்று அகலமாகப் போய் சுவரை உரசும். கரேரா ஜிடி நூல் பிடித்த மாதிரி திரும்பும்.

எடையை வைத்துப் பார்த்தால் இது நியாயம்தான். கனமான வண்டி திரும்ப அடம்பிடிக்கும் என்பதை ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சித்திரைத் தேர் வீதியில் நேராக வரும்போது ஒரு கதை, வீதி முக்கில் வேறு கதை. அங்கே வடம் பிடிக்கிறவர்கள் மட்டும் போதாது, முட்டுக்கட்டை போடுகிறவர் கையில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த அளவில் கேம் பொய் சொல்லவில்லை.

பொய் வேறு இடத்தில் இருக்கிறது. கரேரா ஜிடியை ஓட்டுவது அவ்வளவு சுலபம் என்று காட்டுகிறதே, அதுதான்.

நிஜ கரேரா ஜிடி, லெ மான் ரேஸுக்காகத் தொடங்கிக் கைவிடப்பட்ட ஒரு திட்டத்திலிருந்து பிறந்த வண்டி. மேனுவல் கியர், பழகாதவன் கால் வைத்தால் ஆஃப் ஆகிற செராமிக் கிளட்ச். வண்டி வழுக்கினால் தானாகச் சரிசெய்கிற ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் கிடையாது. கையில் வித்தை இருப்பவனுக்கு அது சொர்க்கம், இல்லாதவனை அது மன்னிக்காது. முர்சியேலாகோ சாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், வாளால் பலமுறை குத்தியும் சாகாத ஒரு காளையின் பெயர் என்று கதை சொல்வார்கள். ஆனால் நான்கு சக்கரமும் தரையைப் பிடிப்பதால் ஆக்சிலேட்டரை மிதிப்பவனின் அவசரத்தை அது கொஞ்சமாவது பொறுத்துக்கொள்ளும்.

ஆக, ஓட்டுவதற்குக் கடினமான வண்டியை கேம் பூனைக்குட்டி ஆக்கிவிட்டது. தரையைப் பிடிக்கிற வண்டியை இரண்டாமிடத்துக்குத் தள்ளிவிட்டது. லம்போர்கினி ரசிகர்களின் கோபத்தில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

இது வெறும் கேம் தானே, இதில் என்ன வந்தது என்று கேட்கலாம். 2013 நவம்பர் 30 அன்று ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ் நடிகர் பால் வாக்கர் இறந்தது ஒரு கரேரா ஜிடியில்தான். அவர் ஓட்டவில்லை, பக்கத்து சீட்டில் இருந்தார். ஓட்டியவரும் இறந்துபோனார். விசாரணையில் சொன்ன வேகம் மணிக்கு சுமார் 130 முதல் 150 கி.மீ. அந்தச் சாலையில் அனுமதி 72 கி.மீ.தான். டயர்கள் ஒன்பது வருடப் பழசு. கேமில் 150 என்பது யாரும் திரும்பிப் பார்க்காத வேகம். சுவரில் மோதினால் பெயின்ட் உரியும், கண்ணாடி விரிசல் விடும், இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. ஓட்டுபவனுக்குச் சுத்தமாக ஒன்றும் ஆகாது. எதிரே லாரி வந்தால் ஸ்பீட்பிரேக்கர் பட்டனை அழுத்தி நேரத்தையே மெதுவாக்கிக்கொள்ளலாம்.

காவிரிப் பாலத்தில் அந்த பட்டன் கிடையாது. சிந்தாமணியிலிருந்து மாம்பழச்சாலைக்கு அந்தப் பாலத்தில் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் காலேஜ் பசங்களின் பைக்கும் ஒன்றாகத்தான் போகின்றன. 2023 தீபாவளி சமயத்தில் பைக்கில் பட்டாசு கட்டி, முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்டிய திருச்சி வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது. போலீஸ் கைது செய்யும் அளவுக்குப் போனது. அதற்கெல்லாம் கேம்தான் காரணம் என்று பழி போடுவது சோம்பேறித்தனம். கோடிக்கணக்கானவர்கள் கேம் விளையாடிவிட்டு ஒழுங்காக ஹெல்மெட் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். ஆனால் வண்டி என்றால் என்ன என்ற பாடத்தை கேமில் மட்டும் படித்தவனுக்கு ஒரு பக்கம் கிழிந்த புத்தகம்தான் கிடைத்திருக்கிறது. வேகத்தின் கணக்கில் வரவு மட்டும் எழுதி, செலவுப் பக்கத்தைக் காலியாக விட்ட பேரேடு அது. அப்படி ஒரு பேரேட்டை எந்த ஆடிட்டரும் கையெழுத்து போட்டுத் தர மாட்டார்.

எனவே மக்களே, தீர்ப்பு இதுதான். கேமில் ஜெயிக்க வேண்டுமா? கண்ணை மூடிக்கொண்டு கரேரா ஜிடி. எது நல்ல கார் என்று வாதாட வேண்டுமா? கேமை மூடி வைத்துவிட்டு வாதாட வேண்டும், அப்போது பழக்கமில்லாத ஒருவன் கையில் சாவியைக் கொடுக்கத் தகுந்தது முர்சியேலாகோதான். இரண்டு கட்சிக்கும் பாதிப் பாதி வெற்றி. யாரும் யாருக்கும் டீ வாங்கித் தர வேண்டியதில்லை :-)