காசு இருந்தால் என்விடியாதானா?

"காசு இருந்தால் என்விடியா, இல்லாவிட்டால் ஏஎம்டி." கேமிங் கணினி கட்டப் புறப்படுகிற எவருடைய காதிலும் முதலில் விழும் வாக்கியம் இதுதான். கடைக்காரர் சொல்கிறார், கூடப் படித்தவன் சொல்கிறான், யூடியூபில் பேசுகிறவர் சொல்கிறார். 2025 கோடையில் என் அக்காள் மகன் வீட்டுக்கு வந்தான். "மாமா, ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ எடுக்கலாம்னு இருக்கேன். ஏஎம்டி பக்கமே போகாதன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றான். ஏன் போகக்கூடாது என்று கேட்டேன். நான்கு காரணங்களை அடுக்கினான். நான்கும் யாரோ சொல்லி அவன் கேட்டவை. ஒன்றையாவது தான் ஆடும் விளையாட்டோடும், தன் மேசையில் இருக்கும் மானிட்டரோடும் வைத்துப் பார்த்திருக்கவில்லை. அன்று அவனுக்குச் சொன்ன மறுப்பை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்த வாக்கியம் எங்கே பிறந்தது என்று பார்க்க வேண்டும். உச்சத்தில் என்விடியாவுக்குப் போட்டியே இல்லை. 2022 அக்டோபரில் 1,599 டாலருக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 4090-க்கும், 2025 ஜனவரியில் 1,999 டாலருக்கு வந்த 5090-க்கும் எதிரே நிறுத்த ஏஎம்டியிடம் ஒரு கார்டு இருந்ததில்லை. உச்சியைப் பிடிப்பது இப்போது தங்கள் குறிக்கோள் அல்ல என்று ஏஎம்டியின் ஜாக் ஹுயின் 2024 செப்டம்பரில் வெளிப்படையாகவே சொன்னார். இதுவரை சரி. ஆனால் 5090 வாங்கப்போகிறவர்கள் எத்தனை பேர்? அந்த ஒரு கார்டின் பெருமை அப்படியே கீழே இறங்கி, 600 டாலர் கார்டுக்கும் 800 டாலர் கார்டுக்கும் சான்றிதழாகிவிடுகிறது. ஓர் ஊர்த் தேர் பெரியது என்பதற்காக அந்த ஊர் மாட்டுவண்டிக்கு யாரும் கூடுதல் விலை கொடுப்பதில்லை. கிராபிக்ஸ் கார்டில் மட்டும் கொடுக்கிறோம்.

இனி அந்த நான்கு காரணங்கள்.

"ஏஎம்டி டிரைவர் சரியிருக்காது" என்பது முதலாவது. இந்தக் கெட்ட பெயர் காற்றில் வந்ததல்ல. 2019-இல் ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி வாங்கியவர்கள் பல மாதங்கள் திரை கறுத்துப் போவதோடு மல்லுக்கட்டினார்கள். 2023 அக்டோபரில் ஏஎம்டி கொண்டுவந்த ஆன்டி-லேக் பிளஸ் வசதி விளையாட்டின் உட்கோப்புகளில் கைவைத்ததால், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 ஆடியவர்கள் ஏமாற்றுக்காரர்களாகக் கருதப்பட்டுத் தடை செய்யப்பட்டார்கள். அந்த டிரைவரை ஏஎம்டி திரும்பப் பெற வேண்டியதாயிற்று. இவற்றை நான் மறைக்கப் போவதில்லை.

ஆனால் அடுத்த பக்கத்தையும் புரட்டுங்கள். 2025 தொடக்கத்தில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையோடு வந்த என்விடியா டிரைவர்களில் அதே கறுந்திரை. ஒன்றன்பின் ஒன்றாகத் திருத்தங்கள் வந்துகொண்டே இருந்தன. பழைய 30, 40 வரிசைக் கார்டு வைத்திருந்த பலர் 2024 டிசம்பர் டிரைவருக்கே திரும்பிப் போனார்கள். 2025 பிப்ரவரியில், விற்ற 5090, 5070 டிஐ கார்டுகளில் சுமார் 0.5 சதவீதத்தில் சில்லின் ஒரு பகுதி குறைவாக இருப்பதையும், அதனால் சராசரியாக 4 சதவீத வேகம் போவதையும் என்விடியாவே ஒப்புக்கொண்டது. அதற்கும் முன்னால், 2022-இல், 4090-இன் 16 பின் மின் கனெக்டர் உருகிய படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. அதே பருவத்தில் ஏஎம்டியின் சொந்த வடிவமைப்பில் வந்த 7900 எக்ஸ்டிஎக்ஸ் கார்டுகள் சிலவற்றில் ஆவிக்குளிர்விப்பான் கோளாறாகி, சில்லின் வெப்பம் 110 டிகிரியைத் தொட்டது. அவற்றை ஏஎம்டி மாற்றிக் கொடுத்தது. கணக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது. ஒருவர் தவறை ஆறு ஆண்டு நினைவில் வைத்துக்கொண்டு, மற்றவர் தவறை ஆறே மாதத்தில் மறப்பது நியாயமல்ல.

டிரைவர் விஷயத்தில் ஏஎம்டி மீது எனக்கு உண்மையிலேயே ஒரு மனத்தாங்கல் உண்டு. அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. 2020 நவம்பரில் வெளிவரத் தொடங்கிய ஆர்எக்ஸ் 6000 வரிசையை 2025 அக்டோபரில் பராமரிப்பு நிலைக்கு மாற்றுவதாக அது அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் புதிய விளையாட்டுகளுக்கான ஆதரவு தொடரும் என்று விளக்கம் தந்தது. மறுபக்கம், 2018-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 20 வரிசைக்குக்கூட என்விடியாவின் படம் பெரிதாக்கும் வசதியான டிஎல்எஸ்எஸ்ஸின் 2025 மேம்பாடு கிடைத்தது. கார்டை ஆறேழு ஆண்டு வைத்திருக்கப் போகிறவர் என்விடியாவை எடுக்க இது ஒரு நேர்மையான காரணம். "டிரைவர் சரியிருக்காது" என்ற பொத்தாம்பொதுப் பேச்சு அப்படியல்ல.

இரண்டாவது காரணம் ரே டிரேசிங், அதாவது ஒளிக்கதிர்களின் போக்கைக் கணித்துக் காட்சியை வரையும் முறை. இதில்தான் உண்மையும் மிகையும் அதிகமாகக் கலந்து கிடக்கின்றன, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

2022 இறுதியில் நேருக்கு நேர் நின்ற ஜோடி ஆர்டிஎக்ஸ் 4080-உம் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸும். முன்னதற்கு 1,199 டாலர், 16 ஜிபி நினைவகம். பின்னதற்கு 999 டாலர், 24 ஜிபி. ரே டிரேசிங் இல்லாத விளையாட்டுகளில் இரண்டும் ஏறக்குறைய சமம், ஏஎம்டி ஒரு மயிரிழை முன்னே. ரே டிரேசிங்கைக் கூட்டிக்கொண்டே போனால் 4080 விலகி ஓடும். காரணம் வன்பொருளில் இருக்கிறது. ஓர் ஒளிக்கதிர் காட்சியில் எதன்மீது படுகிறது என்று தேடிப்போகும் வேலை முழுவதையும் என்விடியா தனி அலகுக்குக் கொடுத்துவிட்டது. ஏஎம்டியோ அந்தத் தலைமுறையில் தேடலின் ஒரு பகுதியை, நிறம் தீட்டுகிற பொது அலகுகளின் தலையிலேயே கட்டியது. ஒரே ஆள் சமைத்துக்கொண்டே பரிமாறவும் வேண்டுமென்றால் பந்தி தாமதமாகத்தானே செய்யும்? காட்சியின் ஒளி முழுவதையும் கதிர்களாலேயே கணிக்கும் பாத் டிரேசிங் 2023 ஏப்ரலில் சைபர்பங்க் 2077-க்கு வந்தபோது, 7900 எக்ஸ்டிஎக்ஸ் 4080-இன் பாதி வேகத்தைக்கூட எட்டவில்லை.

இந்தத் தோல்வியை நான் ஒப்புக்கொள்கிறேன். நான் மறுப்பது, அதிலிருந்து எடுக்கப்படும் முடிவை. பாத் டிரேசிங் உள்ள பெரிய விளையாட்டுகளை இன்றும் விரல்விட்டு எண்ணிவிடலாம். "இனிமேல் ரே டிரேசிங் இல்லாமல் விளையாட்டே வராது, அதனால் ஏஎம்டி செத்தது" என்கிறார்களே, அதில் முதல் பாதி உண்மையாகிக்கொண்டுதான் வருகிறது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸும் 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் ரே டிரேசிங் வன்பொருள் இல்லாத கார்டில் திறக்கவே திறக்காது. ஆனால் இரண்டும் ஏஎம்டி கார்டில் நன்றாகவே ஓடுகின்றன. ஓடாமல் எப்படி? பிளேஸ்டேஷன் 5-க்குள்ளும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸுக்குள்ளும் இருப்பது ஏஎம்டியின் சில்தான். அந்தப் பெட்டிகளில் ஓடும்படிதான் பெரிய விளையாட்டுகள் ஆக்கப்படுகின்றன.

2025 மார்ச்சில் வந்த ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டியில் கதிர் மோதலைக் கணிக்கும் திறனை ஏஎம்டி இருமடங்காக்கியது. 599 டாலர் என்று அறிவித்த அந்தக் கார்டு, 749 டாலர் என்று அறிவித்த 5070 டிஐக்கு சாதாரண விளையாட்டுகளில் சில சதவீதமே பின்தங்குகிறது. வழக்கமான ரே டிரேசிங்கில் இடைவெளி கூடுகிறது, பாத் டிரேசிங்கில் இன்னும் கூடுகிறது. இரண்டிலும் 16 ஜிபி. கார்டுகள் வந்து பல மாதங்களுக்கு இரண்டுமே அறிவித்த விலையைவிட அதிகத்துக்குத்தான் விற்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாங்கும் நாளில் கடையில் இருக்கும் விலை வித்தியாசமே உங்கள் வித்தியாசம். விளம்பர விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

மூன்றாவது, டிஎல்எஸ்எஸ். குறைந்த அளவில் படத்தை வரைந்து, இயந்திரக் கற்றலால் பெரிதாக்கித் தருகிற வித்தை. 2020-இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்ததிலிருந்து ஐந்து ஆண்டுகள் ஏஎம்டியிடம் அதற்கு ஈடான பதில் இல்லை. எஃப்எஸ்ஆர் என்ற அதன் மாற்று, வேலிக் கம்பிகளையும் இலைகளையும் மினுங்கவிட்டது. எஃப்எஸ்ஆர் 4 வந்ததும் நிலைமை மாறியது. அதுவும் இயந்திரக் கற்றல் வழியில் இயங்குகிறது. அசையும் படத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்து உற்றுப் பார்த்தால்தான் வேறுபாடு தெரிகிறது. குறை எண்ணிக்கையில் இருக்கிறது. டிஎல்எஸ்எஸ் நூற்றுக்கணக்கான விளையாட்டுகளில் உண்டு. எஃப்எஸ்ஆர் 4 முப்பதுக்குச் சற்று அதிகமான விளையாட்டுகளோடு தொடங்கியது. அதைவிடக் கசப்பானது, 9000 வரிசைக்கென்றே அது வந்ததால், 999 டாலர் கொடுத்து 7900 எக்ஸ்டிஎக்ஸ் வாங்கியவர்கள் வெளியே நின்றார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது.

ஆனால் டிஎல்எஸ்எஸ் பெயரால் விற்கப்படும் இன்னொன்றைப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும். 2025 ஜனவரியில் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடையேறி, 549 டாலர் 5070 கார்டு 4090-இன் வேகத்தைத் தரும் என்றார். தராது. வரைந்த ஒரு ஃபிரேமுக்குப் பின்னால் மூன்று ஃபிரேம்களைச் செயற்கையாகச் சேர்த்து எண்ணினால்தான் அந்தக் கணக்கு வரும். கார்டு நொடிக்கு 30 ஃபிரேம்தான் உண்மையில் வரைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் 120 என்று காட்டும். படம் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் உங்கள் மவுஸ் அசைவை விளையாட்டு கவனிப்பது 33 மில்லி நொடிக்கு ஒருமுறைதான். கண்ணுக்கு 120, கைக்கு 30. ஏற்கெனவே நன்றாக ஓடும் விளையாட்டை இன்னும் மென்மையாக்க இது உதவும், அவ்வளவே. கார்டுகளை ஒப்பிடும்போது இந்த எண்ணைப் பக்கத்திலேயே சேர்க்கக்கூடாது.

நான்காவது காரணம் மின்சாரமும் மறுவிற்பனையும். 4080-க்கு 320 வாட், 7900 எக்ஸ்டிஎக்ஸுக்கு 355 வாட். தினம் மூன்று மணி நேரம் ஆடினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 38 யூனிட் வித்தியாசம். அதற்காக 200 டாலர் கூடுதலாகக் கொடுப்பது கணக்கில் நிற்காது. புதிய ஜோடியான 5070 டிஐ, 9070 எக்ஸ்டியில் 300 வாட், 304 வாட் என்பதால் அந்தப் பேச்சுக்கும் இடமில்லை. பழைய கார்டு சந்தையில் என்விடியா சீக்கிரம் கைமாறும் என்பது சரிதான். ஆனால் விற்கும்போது கிடைக்கும் கூடுதல் தொகை, வாங்கும்போது நீங்கள் கொடுத்த கூடுதல் தொகையிலிருந்துதான் திரும்பி வருகிறது.

இவற்றுக்கெல்லாம் அடியில் பேசாமல் கிடக்கும் ஒரு நம்பிக்கை உண்டு: விலை கூடிய பெயர் நீண்டநாள் உழைக்கும். 2020-இல் 499 டாலருக்கு ஆர்டிஎக்ஸ் 3070 வந்தது, 8 ஜிபி. 579 டாலருக்கு ஆர்எக்ஸ் 6800 வந்தது, 16 ஜிபி. பெயருக்காகவும் ரே டிரேசிங்குக்காகவும் பெருங்கூட்டம் 3070 பக்கம் போனது. 2023-இல் ஹாக்வார்ட்ஸ் லெகசியும் தி லாஸ்ட் ஆஃப் அஸ் விளையாட்டின் கணினிப் பதிப்பும் வந்தபோது, அமைப்புகளை உயர்த்தினால் 8 ஜிபி நிரம்பிவிட்டது. படம் திக்கியது, சுவரும் தரையும் களிமண் பூசியதுபோல் தெரிந்தன. 6800 அதே அமைப்பில் ஓடியது. ரே டிரேசிங்குக்கே கூடுதல் நினைவகம் வேண்டும் என்பதால், எதற்காக 3070-ஐ எடுத்தார்களோ அதுவே அதைக் கைவிட்டது. இதைக் காட்டி "ஜிபிதான் எல்லாம்" என்று சொல்லும் எதிர்முகாமும் தவறுகிறது. 24 ஜிபி இருந்தும் 7900 எக்ஸ்டிஎக்ஸுக்குப் பாத் டிரேசிங்கும் வரவில்லை, எஃப்எஸ்ஆர் 4-உம் கிடைக்கவில்லை.

என்விடியாவையே எடுக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் நான் வாதாட மாட்டேன். பிளெண்டரில் முப்பரிமாண வேலை செய்கிறவர்கள், செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைத் தங்கள் கணினியிலேயே ஓட்டுகிறவர்கள், பாத் டிரேசிங்கோடு சைபர்பங்க்கையும் ஆலன் வேக் 2-ஐயும் பார்க்கத் துடிக்கிறவர்கள், விலை பாராமல் உச்சியில் உள்ளதையே கேட்கிறவர்கள். அதேபோல் லினக்ஸில் ஆடுகிறவர்களுக்குத் திறந்த மூல டிரைவர் கெர்னலிலேயே இருக்கும் ஏஎம்டி பெரிய நிம்மதி.

என் அக்காள் மகன் இதில் எந்த வகையிலும் சேரவில்லை. அவனிடம் இருப்பது 1440பி மானிட்டர். அவன் ஆடுவது கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, எல்டன் ரிங். முதலாவதில் ரே டிரேசிங்கும் இல்லை, டிஎல்எஸ்எஸ்ஸும் இல்லை. இரண்டாவதில் டிஎல்எஸ்எஸ் இல்லை, 60 ஃபிரேமுக்கு மேல் அதுவே போகாது. வாங்கக் காத்திருந்தது மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ், அதில் இரு நிறுவனங்களின் வசதிகளும் உண்டு. அவன் சொன்ன காரணங்களில் இரண்டு பெரியவை அன்றாடம் ஆடும் விளையாட்டுகளைப் பெரிதாகத் தொடவில்லை. "அப்புறம் எதுக்கு மாமா எல்லாரும் அதையே சொல்றாங்க?" என்றான். அவர்களுடைய மானிட்டரில் என்ன ஓடுகிறது என்று அவர்களிடமே கேள் என்றேன்.

அவன் 9070 எக்ஸ்டி வாங்கினான். மிஞ்சிய பணத்தில் கேபினெட்டுக்குள் இருந்த பழைய 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை எடுத்துவிட்டு 750 வாட் ஒன்றைப் போட்டோம்.